இடிக்கப்போகிற சத்திரத்தின் முழக்கத்தைப் பிடித்து வைக்க வேண்டும் – 19 நாள்தான் இருக்கிறது

காவிரிக்கரை | திங்கள், இரவு 9.50

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் கல்யாணச் சத்திரத்தை விற்றுவிட்டார்கள். அடுத்த மாதம் முதல் வாரம் இடிக்க ஆரம்பிக்கிறார்கள். கும்பகோணம் பக்கம் ஒரு சின்ன ஊர். எங்கள் தாத்தா நாயனம், அப்பா தவில். மூன்று தலைமுறையாக அந்தக் கூடத்தில் வாசித்திருக்கிறோம். நான்தான் வாசிப்பை விட்டுவிட்டு ரெக்கார்டிங் பக்கம் வந்தவன்.

கூடம் 70 அடி நீளம், 33 அடி அகலம், 21 அடி உயரம். தேக்கு உத்திரம் போட்ட மெட்ராஸ் டெரஸ் கூரை, சுண்ணாம்புச் சுவர், சிவப்பு காவித் தரை. முகூர்த்தத்தின்போது கெட்டிமேளம் வாசித்து நிறுத்தினால், தவில் நின்ற பிறகும் ஒரு நொடி கூடம் வாசித்துக்கொண்டிருக்கும். அந்தச் சத்தம்தான் எனக்கு வேண்டும். ஸ்டுடியோவில் எதிரொலியே இல்லாமல் வறட்சியாகப் பதிவு செய்த நாயனத்தை அதற்குள் வைத்துக் கேட்க வேண்டும்.

என்னிடம் இருப்பது: இரண்டு சின்ன கண்டென்சர் மைக், மைக்கையும் ஸ்பீக்கரையும் லேப்டாப்போடு இணைக்கும் இரண்டு சேனல் ஆடியோ இன்டர்ஃபேஸ், லேப்டாப், 5 அங்குல மானிட்டர் ஸ்பீக்கர் ஒரு ஜோடி. நேற்று கூடத்தின் நடுவில் நின்று கை தட்டி போனில் பதிவு செய்து பார்த்தேன். வால் பாதியிலேயே அறுந்த மாதிரி இருக்கிறது. பலூன் வெடித்தால் சரியாக வருமா? வேறு என்ன செய்யலாம்?

ஒலித்தச்சன் | திங்கள், இரவு 11.15

தம்பி, முதலில் போனை ஓரம் வையுங்கள். பேச்சுக்காகச் செய்தது அது. சத்தம் குறைந்ததும் தானாகவே அளவை ஏற்றும், இல்லாவிட்டால் இரைச்சல் என்று நினைத்து வெட்டிவிடும். ரிவெர்பின், அதாவது எதிர்முழக்கத்தின், வால் என்பதே குறைந்துகொண்டே போகும் சத்தம்தான். அதைத்தான் போன் வெட்டியிருக்கிறது.

உங்களுக்கு வேண்டியது அந்தக் கூடத்தின் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ், சுருக்கமாக ஐ.ஆர். கண்ணிமைக்கும் நேரத்துக்கு ஒரு சத்தம் கொடுத்தால் கூடம் என்ன பதில் சொல்கிறது என்ற பதிவு. அது கையில் இருந்தால் கன்வல்யூஷன் ரிவெர்ப் ப்ளகின் (ரெக்கார்டிங் மென்பொருளோடு சேர்க்கும் சின்ன நிரல்) எதிலும் ஏற்றி, எந்த ஒலியையும் அந்த இடத்தில் வாசித்ததுபோலக் கேட்கலாம். 1999-இல் சோனி இதற்காகவே ஒரு ரேக் பெட்டி விட்டபோது பெரிய ஸ்டுடியோக்களால்தான் வாங்க முடிந்தது. இன்று லேப்டாப்பில் இலவசமாக ஓடுகிறது.

பலூன் வேண்டாம் என்றே சொல்வேன். ஒரு பலூன் வெடிப்பதுபோல் இன்னொன்று வெடிக்காது, கீழ் அலைவரிசையில், அதாவது கனத்த சத்தத்தில், பலமும் இருக்காது. தவிலின் தொப்பிப் பக்கத்துக்கு, அந்தக் கனத்த சத்தம் தரும் பக்கத்துக்கு, கூடம் என்ன செய்கிறது என்று பலூன் சொல்லாது. ஸ்வீப் போடுங்கள். கீழே 30 ஹெர்ட்ஸில் தொடங்கி மேலே 20,000 வரை ஏறும் ஒரே விசில். ஸ்பீக்கரில் அதை விட்டு, மைக்கில் பதிந்து, பிறகு கணக்குப் போட்டு விசிலைக் கழித்துவிட்டால் ஐ.ஆர். மிஞ்சும். 2000-இல் இத்தாலியப் பேராசிரியர் ஆஞ்ஜலோ ஃபரீனா இந்த முறையைத் தெளிவாக எழுதி வைத்தார். இதில் ஒரு அழகு உண்டு. ஸ்பீக்கர் திணறி உண்டாக்கும் டிஸ்டார்ஷன் எல்லாம் உண்மையான ஐ.ஆருக்கு முன்னால் தனியாகப் போய் நிற்கும். கத்தரித்து எறிந்துவிடலாம். உங்கள் 5 அங்குல மானிட்டருக்கு இது பெரிய உதவி.

ஸ்வீப் 20 நொடியாவது இருக்கட்டும். நீளத்தை இரட்டித்தால் இரைச்சலுக்கு மேல் 3 டெசிபல் லாபம். முடிந்த பிறகு 8 நொடி அமைதியாக ஓடவிடுங்கள், அவசரப்பட்டு ஸ்டாப் அழுத்தாதீர்கள். பதிவுக்கு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் போதும். ரூம் ஈக்யூ விஸார்ட் என்ற இலவச மென்பொருளே ஸ்வீப் விட்டு, பதிந்து, ஐ.ஆரை வேவ் கோப்பாகக் கொடுத்துவிடும்.

நாயனக்காரர்கள் உட்காரும் இடத்திலேயே ஸ்பீக்கரை வையுங்கள், அதே உயரத்தில். இதை மறக்கவே கூடாது.

டேப்_காலம் | செவ்வாய், காலை 6.30

ஒலித்தச்சன் சொல்வதில் தப்பு இல்லை. ஆனால் நான் வேறு வழி சொல்கிறேன். ஐ.ஆர். என்பது ஒரு புகைப்படம். ஒரு இடத்தில் ஸ்பீக்கர், ஒரு இடத்தில் மைக், ஒரு நிமிஷத்துக் காற்று. நிஜக் கூடத்தில் வாசிப்பவர் அசைகிறார், நாயனத்தின் அணைசு (குழலின் விரிந்த வாய்) ஒரு சுவரைப் பார்த்துத் திரும்புகிறது, காற்று நகர்கிறது. அந்த உயிர் புகைப்படத்தில் வராது.

நாங்கள் அந்தக் காலத்தில் செய்தது நேரடி வேலை. வறட்டுப் பதிவை எடுத்துக்கொண்டு போய் அந்த இடத்திலேயே ஸ்பீக்கரில் வாசிக்கவிட்டு, தூரத்தில் மைக் வைத்துத் திரும்பப் பதிவது. 1947-இலேயே சிகாகோவில் பில் புட்னம் என்ற ஒலிப்பதிவாளர் ஸ்டுடியோவின் குளியலறையை இப்படி எதிரொலி அறையாகப் பயன்படுத்தினார். 1970களில் ஒலி வடிவமைப்பாளர் வால்டர் மர்ச் திரைப்படத்துக்காகப் பாட்டுகளைத் திறந்த வெளியில் ஓடவிட்டுப் பதிந்து, அதற்கு வேர்ல்டைஸிங் என்று பெயரே வைத்தார். நான் மாடிப்படிக்கட்டில் செய்திருக்கிறேன், காலி தண்ணீர்த் தொட்டியில் செய்திருக்கிறேன். இன்றைக்கும் அந்தப் பதிவுகள் காதுக்கு இதமாக இருக்கின்றன.

தம்பி, உங்கள் குடும்பத்து வாசிப்பு எது இருந்தாலும் எடுத்துக்கொண்டு போங்கள். இடிப்பதற்குள் கூடத்துக்குள் ஓடவிட்டுப் பதிந்துவிடுங்கள்.

ஒலித்தச்சன் | செவ்வாய், காலை 8.05

அண்ணா, உங்கள் முறையின் அழகை நான் மறுக்கவே மாட்டேன். ஆனால் கட்டடம் போன பிறகு ஒரு புது வாசிப்பை எங்கே கொண்டுபோய் ஓடவிடுவது? தம்பியின் பையன் பத்து வருஷம் கழித்து நாயனம் கற்றுக்கொண்டால் அவனுக்கும் அந்தக் கூடம் வேண்டாமா? புகைப்படம் என்றாலும் அதற்குள் நுழைந்து வாசிக்கலாம். இரண்டையும் செய்யட்டும். முதலில் ஸ்வீப், நேரம் இருந்தால் உங்கள் வழி.

யாழ்ப்பாடி | செவ்வாய், காலை 8.40

கனடாவிலிருந்து எழுதுகிறேன். இடிபடப்போகும் கட்டடம் என்றதும் வெனிஸில் உள்ள லா ஃபெனிச்சே ஓபரா அரங்கு நினைவுக்கு வந்தது. 1996 ஜனவரி 29 இரவு அது எரிந்து சாம்பலானது. அதற்குச் சில காலம் முன்புதான் ஃபரீனாவும் லம்பேர்த்தோ த்ரோன்கினும் உள்ளே போய் அளந்து வைத்திருந்தார்கள். எரியப்போகிறது என்று யாருக்கும் தெரியாது. அந்த அளவுகள் கையில் இருந்ததால்தான் 2003-இல் திரும்பத் திறந்த அரங்கைப் பழையதோடு ஒப்பிடவாவது முடிந்தது. பாரிஸ் நோத்ர தாம் தேவாலயமும் அப்படித்தான். பிரையன் காட்ஸ் குழு 2013-இல் அளந்து வைத்தது, 2019 ஏப்ரலில் தீ.

பலூனைப் பற்றியும் ஒரு சொல். ஒலித்தச்சன் சொல்வது சரிதான், ஸ்பீக்கர் கொண்டுபோக முடிந்தால் ஸ்வீப்தான் நல்லது. ஆனால் இஸ்தான்புல் ஹாகியா சோஃபியாவுக்குள் 2010-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆட்கள் பலூன்களை வெடித்துப் பதிந்து வந்ததை வைத்துத்தான், அங்கே பாட முடியாத பைசாந்தியப் பாடல்களை ஒரு பாடகர் குழு கலிஃபோர்னியாவில் மேடையேற்றியது. 11 நொடி அளவுக்கு நீளும் முழக்கம். வேறு வழியே இல்லாத இடத்தில் பலூனை ஏளனமாக நினைக்க வேண்டாம்.

உங்களுக்கு 19 நாட்கள் இருக்கின்றன. அவர்களுக்கு அதுவும் தெரிந்திருக்கவில்லை. தயவுசெய்து இந்த வாரமே போங்கள்.

காவிரிக்கரை | வெள்ளி, காலை 5.20

நேற்று இரவு போனேன். சரியாக வரவில்லை. நடந்ததை எழுதுகிறேன், எங்கே தப்பு என்று சொல்லுங்கள்.

சத்திரத்துக்குக் கரண்ட் இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள். அதனால் மானிட்டரை விட்டுவிட்டு, பேட்டரியில் ஓடும் ப்ளூடூத் ஸ்பீக்கரை எடுத்துப்போனேன். ஸ்வீப் போனிலிருந்து, பதிவு கையடக்க ரெக்கார்டரில். இரவு 1 மணி. புறாக்கள் தூங்கிவிட்டன, வௌவால்தான் இரண்டு முறை சுற்றியது. பதிவைக் கேட்டால் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்குப் போட்டு ஐ.ஆர். எடுத்தால், தொடக்கத்தில் டக் என்று இருக்க வேண்டிய இடத்தில் "ச்சியூ" என்று இழுபடுகிறது. அதில் தவில் சொற்கட்டு ஒன்றை விட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு அடியும் மழுங்கிப்போகிறது.

ஒலித்தச்சன் | வெள்ளி, காலை 9.30

தப்பு உங்கள் காதிலும் இல்லை, கூடத்திலும் இல்லை. இரண்டு கடிகாரம்தான் காரணம். போனுக்கு ஒரு கடிகாரம், ரெக்கார்டருக்கு ஒரு கடிகாரம். இரண்டும் பத்து லட்சத்தில் 20 பங்கு விலகினாலே 20 நொடி ஸ்வீப்பில் 0.4 மில்லிநொடி பிசகிவிடும். நொடிக்கு 48,000 சாம்பிள் எடுக்கும் பதிவில் அது 19 சாம்பிள். கணக்கு ஸ்வீப்பைக் கழிக்கும்போது மேல் அலைவரிசை ஒரு இடத்தில் விழும், கீழ் அலைவரிசை இன்னொரு இடத்தில் விழும். அதுதான் உங்கள் "ச்சியூ". ப்ளூடூத் வேறு ஒலியைச் சுருக்கி அனுப்புகிறது, அந்தச் சேதமும் சேர்ந்துகொள்கிறது.

ஒரே ஆடியோ இன்டர்ஃபேஸிலிருந்து ஸ்வீப் வெளியே போக வேண்டும், அதே இன்டர்ஃபேஸுக்கே மைக் உள்ளே வர வேண்டும். கரண்டுக்குப் பக்கத்து வீட்டில் கேட்டு ஒயர் இழுங்கள். ஜெனரேட்டர் வைத்துவிடாதீர்கள், அதன் உறுமல் கீழ் அலைவரிசை முழுவதையும் தின்றுவிடும்.

நாலைந்து ஸ்வீப் எடுத்துச் சராசரி போடலாம் என்றும் சிலர் சொல்வார்கள். வேண்டாம். இடையில் காற்றும் வெப்பமும் கொஞ்சம் மாறினாலே மேல் அலைவரிசை ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். நீளமான ஒரே ஸ்வீப், அதில் நல்ல ஒரு டேக். அவ்வளவுதான்.

காவிரிக்கரை | ஞாயிறு, இரவு 11.45

வந்துவிட்டது. பின்வீட்டு அத்தை ஜன்னல் வழியாக ஒயர் விட்டார்கள். ஸ்பீக்கர் மேடையின் இடது ஓரம், தரையிலிருந்து இரண்டரை அடி. அங்கிருந்து 6 மீட்டரில் மைக் ஜோடி. 20 நொடி ஸ்வீப், இந்த முறை தொடக்கம் கத்தி வெட்டியதுபோல் சுத்தமாக இருக்கிறது. முழக்கம் அடங்க நடு அலைவரிசையில் 3.9 நொடி ஆகிறது என்று மென்பொருள் காட்டுகிறது. நாயனத்தை விட்டுக் கேட்டேன். அழகாக இருக்கிறது, உண்மையிலேயே.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இது எங்கள் சத்திரம் இல்லை. ஏதோ பெரிய மாதா கோவில் மாதிரி இருக்கிறது. அப்பாவிடம் ஹெட்போனைக் கொடுத்தேன். "நல்லா இருக்கு, ஆனா எந்த இடம் இது?" என்று கேட்டார். அளவு எல்லாம் சரியாக இருந்தும் ஏன் இப்படி?

கணக்கு_டீச்சர் | திங்கள், காலை 7.10

இந்த இழையை முதல் நாளிலிருந்து படித்து வருகிறேன். பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன், ரெக்கார்டிங் தெரியாது. ஆனால் இந்தக் கேள்விக்குப் பதில் தெரியும்.

தம்பி, நீங்கள் அந்தக் கூடத்தைக் காலியாக எப்போதாவது கேட்டதுண்டா? நீங்களும் அப்பாவும் கேட்டதெல்லாம் கல்யாணக் கூட்டத்தோடு.

1895-இல் ஹார்வர்டில் ஃபாக் அருங்காட்சியகத்தின் விரிவுரை அரங்கில் பேசுவது எதுவும் புரியவில்லை என்று வாலஸ் சபைன் என்ற இளம் ஆசிரியரை அனுப்பினார்கள். ஒரு சொல் 5.5 நொடி சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்துவந்து அடுக்கி, ஆர்கன் குழலை ஊதி நிறுத்தி, சத்தம் அடங்கும் நேரத்தைக் குறித்தார். விடிவதற்குள் மெத்தைகளைத் திரும்பக் கொண்டுபோய் வைத்தார்கள். அப்படிப் பிறந்ததுதான் எதிர்முழக்க நேரத்துக்கான சூத்திரம்: கன அளவை 0.161-ஆல் பெருக்கி, அறையின் மொத்த உறிஞ்சலால் வகுக்க வேண்டும்.

உங்கள் கூடம் ஏறக்குறைய 1,370 கன மீட்டர். 0.161-ஆல் பெருக்கினால் 221. சுவர், தரை, கூரை சேர்த்து 830 சதுர மீட்டர். சுண்ணாம்பும் காவித் தரையும் மரக்கதவும் சராசரியாக 7 சதவீதம் உறிஞ்சினால் மொத்தம் 58. 221-ஐ 58-ஆல் வகுத்தால் 3.8 நொடி. நீங்கள் அளந்தது 3.9.

இப்போது 250 பேரை உட்கார வையுங்கள். பட்டும் வேட்டியும் உடம்புமாக ஆளுக்கு உறிஞ்சல் அரை சதுர மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக, 0.45 என்று வைத்துக்கொள்ளலாம். 112 கூடுகிறது, மொத்தம் 170. வகுத்தால் 1.3 நொடி. உங்கள் முதல் பதிவில் "ஒரு நொடி கூடம் வாசித்துக்கொண்டிருக்கும்" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நினைவு சரியாகத்தான் இருக்கிறது. கூட்டமும் அந்தக் கட்டடத்தின் ஒரு பாகம்.

காவிரிக்கரை | திங்கள், காலை 7.40

டீச்சர், மூன்று முறை படித்துவிட்டேன். மனது என்னவோ செய்கிறது. ப்ளகினிலேயே வாலைக் குறைத்து 1.3 நொடியாக்கிவிட்டால் சரியாகுமா?

ஒலித்தச்சன் | திங்கள், காலை 10.20

நேரம் சரியாகும், நிறம் சரியாகாது. ஆட்கள் நடு அலைவரிசையையும் மேல் அலைவரிசையையும்தான் அதிகம் விழுங்குவார்கள், கீழ் அலைவரிசையை அவ்வளவாகத் தொடமாட்டார்கள். அதனால் கூட்டம் நிறைந்த கூடத்தில் நாயனம் சீக்கிரம் தெளிந்துவிடும், தவிலின் தொப்பி மட்டும் கொஞ்சம் தங்கும். ஒரே கோட்டில் வாலை இறக்கினால் இரண்டும் ஒன்றாகச் செத்துப்போகும். அலைவரிசை வாரியாகப் பிரித்து இறக்கலாம், ஓரளவுக்கு வரும். ஆனால் தரையில் உட்கார்ந்த கூட்டம் காவித் தரையின் முதல் எதிரொலியையே மறைத்துவிடுகிறதே, அதைக் கணக்கில் செய்வது கஷ்டம்.

கணக்கு_டீச்சர் | திங்கள், மதியம் 1.15

சபைன் மெத்தை சுமந்தார். உங்களுக்கு ஊரே இருக்கிறது. கூப்பிட்டு உட்கார வையுங்களேன்.

காவிரிக்கரை | ஞாயிறு, இரவு 10.30

இன்று மாலை நடந்ததை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

அப்பாதான் தெருத்தெருவாகப் போய்ச் சொன்னார். "சத்திரத்துல கடைசியா ஒரு தரம் வந்து உட்காருங்க, அரைமணி நேரம், பேசக் கூடாது." இருபது பேர் வந்தால் போதும் என்று நினைத்தேன். குழந்தைகளைச் சேர்த்து 63 பேர் வந்தார்கள். அந்தக் கூடத்தில் கல்யாணம் ஆனவர்களே பதினோரு ஜோடி. பந்தல்காரர் கேட்காமலேயே ஜமக்காளம் எட்டு கொண்டுவந்து விரித்தார். சில பாட்டிகள் பட்டுப்புடவையிலேயே வந்திருந்தார்கள். நான் சொல்லவில்லை, அவர்களாகவே கட்டிக்கொண்டு வந்தது.

என்ன செய்யப்போகிறேன் என்று முதலிலேயே விளக்கினேன். ஒரு விசில் கேட்கும், உறுமலில் ஆரம்பித்துக் காது கூசும் வரை ஏறும், முடிந்த பிறகு நான் கை தூக்கும் வரை யாரும் அசையக் கூடாது. காதைப் பொத்திக்கொள்ளலாம் என்று குழந்தைகளிடம் தனியாகச் சொன்னேன். ஸ்பீக்கர், மைக் எல்லாம் போன வாரம் சுண்ணாம்புக்கட்டியால் குறித்து வைத்த அதே இடத்தில். அப்போதுதானே இரண்டையும் ஒப்பிட முடியும்.

முதல் டேக்கில் வெளியே பஸ் ஹாரன். இரண்டாவதில் ஒரு தாத்தா இருமிவிட்டார், பாவம், ரொம்ப நேரம் அடக்கிப் பார்த்தார். அதை வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தபோது ஒரு விசித்திரம். இருமல் இருமலாக வரவில்லை. மேலிருந்து கீழே இறங்கும் ஒரு மெல்லிய விசிலாக ஐ.ஆருக்குள் பரவிக் கிடக்கிறது. கணக்கு ஸ்வீப்பைத் திருப்பிப் போட்டுத்தானே கழிக்கிறது, அதனால் வழியில் விழும் எந்தத் தட்டலும் திருப்பிப் போட்ட ஸ்வீப்பாக மாறிவிடும் போலிருக்கிறது. மூன்றாவது டேக் சுத்தம். 20 நொடி விசில், 8 நொடி அமைதி. அந்த 8 நொடியில் 63 பேர் மூச்சு விடுவதுகூடக் கேட்கவில்லை.

அளவு 2.3 நொடி. டீச்சர் கணக்குப்படி 63 பேருக்கு 2.6 வர வேண்டும், மீதியை ஜமக்காளம் தின்றிருக்கும். 250 பேருக்கான 1.3 இது இல்லைதான். ஆனால் ஒலித்தச்சன் அண்ணன் சொன்ன அந்த நிறம் இதில் இருக்கிறது. நாயனம் தெளிந்துவிடுகிறது, தொப்பி தங்குகிறது. இதிலிருந்து 1.3-க்கு வாலை இறக்குவது காலிக் கூடத்திலிருந்து இறக்குவதைவிட ரொம்ப இயல்பாக இருக்கிறது. அப்பா கேட்டார். இந்த முறை எந்த இடம் என்று கேட்கவில்லை. "தவில் சத்தம் கொஞ்சம் ஜாஸ்தி, குறை" என்றார்.

ஒலித்தச்சன் | ஞாயிறு, இரவு 11.20

கண் கலங்கிவிட்டது தம்பி. இனி இரண்டு சின்ன வேலை. நாயனத்தின் நேரடிச் சத்தம் உங்கள் பதிவிலேயே இருப்பதால், ஐ.ஆரின் தொடக்கத்தில் உள்ள நேரடி ஒலியை மட்டும் அகற்றிவிடுங்கள். 6 மீட்டருக்கு 17 மில்லிநொடி கழித்து வருமே, அந்த முதல் முள். இல்லாவிட்டால் வாசிப்பு இரட்டையாகக் கேட்கும். அடுத்தது, வால் கூடத்தின் இரைச்சலுக்குள் மூழ்கும் இடத்தில் மெதுவாக ஃபேட் செய்யுங்கள், அதாவது சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி நிறுத்துங்கள். செய்யாவிட்டால் ஒவ்வொரு சுரத்துக்கும் பின்னால் அந்த இரைச்சலும் இழுபட்டுக்கொண்டே வரும்.

மூலப் பதிவை மட்டும் தொடாமல் மூன்று இடத்தில் நகல் வையுங்கள். ஸ்பீக்கர், மைக் இருந்த இடம், உயரம், எத்தனை பேர், எத்தனை ஜமக்காளம், அன்றைய வெப்பம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கோப்போடு சேர்த்து வையுங்கள்.

யாழ்ப்பாடி | திங்கள், காலை 4.50

வந்த 63 பேரின் பெயரையும் அந்தத் தாளில் எழுதுங்கோ. அவர்களும் அந்த ஒலிக்குள் இருக்கிறார்கள்.

காவிரிக்கரை | திங்கள், காலை 6.15

எழுதிவிட்டேன். இன்னும் 5 நாள் இருக்கிறது. மேடையிலிருந்து எடுத்தாகிவிட்டது. பந்திக்கூடமும், மாப்பிள்ளை அழைப்புக்கு வாசிக்கும் வாசல் திண்ணையும் பாக்கி. என் மைக் முன்பக்கம் மட்டும்தான் நன்றாக எடுக்கும், அதனால் பின்சுவரிலிருந்து வருவது குறைகிறது என்று தோன்றுகிறது. எல்லாப் பக்கமும் எடுக்கும் ஆம்னி மைக் யாரிடமாவது இருக்கிறதா? இரண்டு நாளில் திருப்பித் தந்துவிடுகிறேன். அப்பாவோடு வாசித்த ஒரு பெரியவர், வியாழக்கிழமை மேடையில் உட்கார்ந்து அரைமணி நேரம் நாயனம் வாசிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

டேப்_காலம் | திங்கள், காலை 6.40

என்னிடம் ஆம்னி ஜோடி இருக்கிறது, 30 மீட்டர் கேபிளும் இருக்கிறது. கூரியரில் அனுப்ப மனசு வரவில்லை. புதன் இரவு பஸ் ஏறி வியாழன் விடிகாலையில் கும்பகோணம் வந்துவிடுகிறேன். பெரியவர் வாசிப்பதைப் புகைப்படமாக இல்லாமல் அப்படியே பதிந்துவிடுவோம். அதே மைக் இடத்தில் உடனே ஒரு ஸ்வீப்பும் விடுவோம். அத்தை வீட்டில் கரண்டுக்கு மட்டும் இன்னொரு தடவை சொல்லி வை.